மானிட சமயங் கண்ட ஓகுஸ்து கொம்தர்

சமயத்தை விடுத்தோம் என்பாரும், சமயஞ் செய்யும் பணிகளை விடுத்து வாழ்தல் அரிது. பிறந்த குழவிக்குப் பெயரிடவும், மணமக்களைச் சான்றோர் முன்னிலையிற் சேர்த்துவைக்கவும், இறந்தாரை வழியனுப்பவும், இன்ன நாளில் இன்னாரை நினைத்தல் வேண்டுமென வரையறுக்கவும் மனிதர்க்கு ஏதேனும் ஒன்று வேண்டப்படுகின்றது. ஆதலின், கடவுளை ஒதுக்கிய சமூகங்கள் அவ்வெற்றிடத்தில் வேறொன்றை வைக்க முயல்கின்றன. நாட்டை வைத்தாரும் உளர். அரசியற் கட்சியை வைத்தாரும் உளர். விஞ்ஞானத்தை வைத்தாரும் உளர். இம்முயற்சியை ஒளிவு மறைவின்றி, முழுத் திட்டத்தோடு, தம் வாழ்நாளையே ஈடாகக் கொடுத்துச் செய்து பார்த்தவர் பிரான்சு தேசத்துத் தத்துவ ஞானியாகிய ஓகுஸ்து கொம்து என்பவர். அவர் சரித்திரத்தைச் சைவ வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்றென எண்ணி, அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம். அவரை எள்ளி நகையாடுதல் எமது கருத்தன்று. அவர் கண்டதும் காணாது விட்டதும் நமக்கு ஒருங்கே பயன்படுவனவாம்.

காலநிலை

கொம்தர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1789 ஆம் ஆண்டிலே, பிரான்சிற் பெரும் புரட்சி எழுந்தது. அரசு சரிந்தபொழுது அதனோடு பிணைந்திருந்த கத்தோலிக்க திருச்சபையும் நிலைகுலைந்தது. 1793 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 10 ஆந் திகதி பாரிஸ் நகரத்து நொத்ர்தாம் பேராலயத்திலே பகுத்தறிவுக்கு விழா வெடுத்தனர். அடுத்த ஆண்டு ஆனி மாதம் 8 ஆந் திகதி, றொபெஸ்பியர் என்னும் தலைவர், திருச்சபையின் தொடர்பில்லாத ஒரு பரம்பொருளுக்கு அரசாணையால் விழா நடத்தினார். ஏழு வாரங் கழியுமுன்னும் பின்னுமாக அவர் அதிகாரம் தளர்ந்து, ஆடி மாதம் 28 ஆந் திகதி அவர் தலை துணிக்கப்பட்டது. அவ்விழாவும் அவரோடு ஒழிந்தது. 1797 இல், கடவுளையும் மனிதரையும் நேசிப்போர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தார் புதுவழிபாடொன்றைத் தொடங்கினர். 1801 இல் நெப்போலியன் அதனைத் தடுத்தார். அவ்வாண்டிலேயே பாப்பரசரோடு உடன்படிக்கையுஞ் செய்துகொண்டார். பழைய சமயத்திற் பலர்க்கு நம்பிக்கை யில்லை, புதியதொன்றும் வேரூன்றவில்லை. இத்தகைய காலத்திலேயே கொம்தர் வளர்ந்தார்.

பிறப்புங் கல்வியும்

இவர் தென்பிரான்சிலுள்ள மொம்பெலியே நகரில் 1798 ஆம் ஆண்டு தை மாதம் 19 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் வரி அறவிடும் கந்தோரில் உத்தியோகம் வகித்தவர். பெற்றோ ரிருவரும் கத்தோலிக்க நெறியிலும் அரச விசுவாசத்திலும் உறுதி பூண்டவர். மைந்தரோ பதினான்கு வயதளவிலேயே கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டார். கணிதத்தில் அவர்க்கிருந்த ஆற்றல் வியக்கத்தக்கது. 1814 இற் பாரிஸ் நகரத்துப் பொலிதெக்னிக் என்னும் உயர்தரக் கலாசாலையிற் சேர்ந்தார். 1816 இல் மாணாக்கர் அதிகாரிகளை எதிர்த்துக் கிளர்ந்தமையால், அரசாங்கம் அக்கலாசாலையையே கலைத்துவிட்டது. பட்டம் பெறாது வெளியேறிய கொம்தர் ஊருக்கு மீண்டும், பின்னர்ப் பாரிசை அடைந்தும், கணிதங் கற்பித்து அதன் ஊதியத்தால் வாழ்ந்தார். ஆசிரியத் தொழிலின் இடர்களை அவர் புத்தகத்தில் அறிந்தவரல்லர், அநுபவத்தில் அறிந்தவர்.

1817 இல் சன்சிமோன் என்னும் முதியவருக்குக் காரியதரிசியாக அமர்ந்தார். கைத்தொழிலும் விஞ்ஞானமும் புதிய உலகை ஆளுமென்றும், அவ்வுலகிற்கும் ஓர் ஆன்மிக அதிகாரம் வேண்டுமென்றும் சன்சிமோன் கருதினார். அக்கருத்து மாணவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஏழாண்டுகளின் பின் குருவுஞ் சீடரும் மனம் வேறுபட்டுப் பிரிந்தனர்.

நோயும் நூலும்

1825 இல் கொம்தர் கரொலின் என்னும் பெண்ணை மணந்தார். 1826 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் தமது வீட்டிலேயே தத்துவப் பிரசங்கத் தொடர் ஒன்றைத் தொடங்கினார். உலகெங்கும் புகழ்பெற்ற விஞ்ஞானியாகிய ஹும்போல்து முதலானோர் கேட்க வந்தனர். மூன்று பிரசங்கங்கள் நிகழ்ந்தன. அதன்மேல் அவர் சித்தங் கலங்கியது. மாதக்கணக்கில் வைத்தியசாலையிலிருந்தும் குணம் பெறாது வீடு திரும்பினார். 1827 இல் சேன் நதியிற் குதித்து உயிர்விடத் துணிந்தார், அயலிலிருந்தோர் காப்பாற்றினர். மனைவியார் பொறுமையோடு பேணியதனால் மெல்லமெல்லத் தெளிந்து, 1829 இல் பிரசங்கங்களை மீளத் தொடங்கினார். விழுந்த இடத்திலே எழுந்து நின்ற இவ்வுரத்தை யாவரும் மதித்தல் வேண்டும்.

அப்பிரசங்கங்களே 1830 முதல் 1842 வரை ஆறு பாகங்களாக வெளிவந்தன. அவர் கொள்கையைப் பொசிற்றிவிசம் என்பர். தமிழிற் காட்சிவாதம் என யாம் வழங்குவாம். மனித அறிவு மூன்று நிலைகளைக் கடந்து வருகின்றது என்பது அதன் அடிப்படை. முதனிலையில் மனிதர் நிகழ்ச்சிகளுக்குத் தெய்வங்களைக் காரணமாகக் கூறுவர். இரண்டாம் நிலையிற் கட்புலனாகாத தத்துவங்களைக் கூறுவர். மூன்றாம் நிலையில் முதற்காரணத்தைத் தேடுதலை விடுத்து, நிகழ்ச்சிகளிடையே காணப்படும் நியதிகளை மாத்திரம் ஆராய்வர். கணிதம், வானநூல், பௌதிகம், இரசாயனம், உயிர்நூல் என்பன அம்முறையிலே வளர்ந்தன என்றும், அவற்றின் முடியாக மனித சமூகத்தை ஆராயும் நூலொன்று எழல்வேண்டுமென்றும் அவர் கூறினார். இன்று சர்வகலாசாலைகளிற் கற்பிக்கப்படும் சமூகவியலுக்கு, ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை நிலைநாட்டியவர் இவரே. பிறர்நலப் பற்றினைக் குறிக்க அம்மொழிகளில் இன்று வழங்குஞ் சொல்லும் இவர் ஆக்கியதாம்.

1831 முதற் பல்லாண்டுகளாகப் பாரிஸ் நகரத்துத் தொழிலாளர்க்கு வானநூலைப் பொருள் வாங்காது கற்பித்துவந்தார். அவர்க்கோ நிலையான உத்தியோகம் இல்லை. பொலிதெக்னிக் கலாசாலையின் பிரவேசப் பரீட்சகர் பதவி பெருந்துணையாயிருந்தது. தம் நூலின் இறுதிப் பாகத்து முகவுரையில் அக்காலத்து விஞ்ஞானிகளை வெளிப்படையாகக் கடிந்தெழுதினார். 1844 இல் அப்பதவியும் போயிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே மனைவியாரும் பிரிந்து சென்றுவிட்டார். ஆங்கிலத் தத்துவஞானியாகிய ஜோன் ஸ்ருவேட் மில் தம் நாட்டுச் செல்வர் சிலரிடம் பொருளுதவி பெற்றுக் கொடுத்தார். பின்னர் அன்பர்கள் ஆண்டுதோறுஞ் சேர்த்தளித்த பணத்தால் வாழ்ந்தார்.

கிளொதில்து அம்மையார்

இதுகாறுங் கூறியது ஓர் அறிஞரின் சரித்திரம். இனிக் கூறப்படுவது ஒரு சமயத்தின் தோற்றம். 1844 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், தம்மிடம் முன்பு கற்ற மாணாக்கர் ஒருவரின் இல்லத்திலே, அவர் தமக்கையாகிய கிளொதில்து என்பவரைக் கொம்தர் கண்டார். அவ்வம்மையார்க்கு அப்பொழுது வயது இருபத்தொன்பது. கணவன் சூதாடி, அரசாங்கப் பணத்தைக் கவர்ந்து, மனைவியைக் கைவிட்டு ஓடிப்போனவன். மணவிடுதலை அக்காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை; ஆதலின் அவர் மறுமணஞ் செய்யவும் இயலாதவர். கொம்தர் அவரிடம் பேரன்பு கொண்டார். அம்மையாரோ நட்பையன்றிப் பிறிதொன்றை ஏற்கவில்லை. வாரந்தோறும் அவர் கொம்தர் இல்லத்துக்கு வந்து உரையாடிச் செல்வார். கடிதங்கள் பல எழுதினர். 1846 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 5 ஆந் திகதி அம்மையார் கசநோயால் இறந்தார்.

அதன்பின் கொம்தர் முன்னைய கொம்தரல்லர். அம்மையார் வந்து அமர்ந்த நாற்காலியே அவர்க்குப் பீடமாயிற்று. நாடோறும் மூன்று வேளை அதன்முன் முழந்தாளிட்டு, அவரை நினைந்து வழிபட்டார். வாரந்தோறும் அவர் கல்லறைக்குச் சென்று மீண்டார். பதினான்கு வயதிலே பிரார்த்தனையை விட்டவர், நாற்பத்தெட்டாம் வயதில் அதனை மீளத் தொடங்கினார், இறக்குமளவும் விட்டிலர். அறிவு அன்பிற்கு ஏவல்செய்தல் வேண்டுமென்பது அவ்வம்மையாரிடம் தாங் கற்ற பாடமென அவர் கருதினார்.

மானிட சமயம்

1848 இல் ஒரு சங்கத்தை நிறுவினார். 1851 முதல் 1854 வரை வெளிவந்த நான்கு பாகங்கொண்ட பெருநூலிலும், 1852 இல் வெளியிட்ட வினாவிடையிலும் புதிய சமயத்தின் உறுப்புக்களை யெல்லாம் வகுத்தார். கடவுளின் இடத்திலே மானிடம் வைக்கப்பட்டது. இறந்தாரும், இருப்பாரும், இனிப் பிறப்பாருமாகிய நன்மக்கள் யாவரும் சேர்ந்த ஒரு பெரும்பொருளே மானிடம். தனியொருவனுடைய ஆன்மா இறந்தபின் நிலைபெறும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறருடைய நினைவில் வாழ்தலே மறுமை என்றார். குழவியை மடியிலேந்திய முப்பது வயதுப் பெண்ணின் உருவமே மானிடத்தின் திருவுருவம். அவள் முகம் கிளொதில்து அம்மையாரின் முகமாயிற்று.

பிறப்பு முதல் இறப்புக்குப் பின்வரை ஒன்பது சடங்குகள் விதித்தார். குழந்தையைச் சமூகத்தின்முன் கொணர்தல் முதலாவது. கல்வி தொடங்கல், தொழிலேற்றல், மணம், முதிர்ச்சி, ஓய்வு முதலியனவற்றுக்கும் உரிய வயதுகள் குறிக்கப்பட்டன. இறந்து ஏழாண்டு சென்றபின், அவர் வாழ்க்கையை ஆராய்ந்து, தக்காராயின் மானிடத்தோடு சேர்த்தல் இறுதியானது. ஆண்டைப் பதின்மூன்று மாதங்களாகவும், மாதத்தை இருபத்தெட்டு நாட்களாகவும் பகுத்தார். எஞ்சிய ஒரு நாள் இறந்தார் யாவரையும் நினைப்பதற்கு உரியது. மாதங்களுக்கு மோசே, ஹோமர், அரிஸ்தோத்தில், ஆர்க்கிமிடீஸ், தாந்தே, ஷேக்ஸ்பியர், தேக்கார்த் முதலானோர் பெயர்கள் இடப்பட்டன. புத்தருக்கும், கொன்பியூசியசுக்கும், முகம்மது நபிக்கும் அதில் இடமுண்டு, இயேசுநாதருக்கு இல்லை. குருமாருக்குரிய கல்வியும் ஒழுக்கமும் வரையறுக்கப்பட்டன. தலைமைக் குருவாகக் கொம்தர் தாமே அமர்ந்தார்.

இவ்வமைப்பைக் கண்ட பழைய நண்பர் பலர் விலகினர். அவர் கொள்கையைப் பிரான்சிற் பரப்பிய லித்ரே 1852 இற் பிரிந்தார். மில் 1865 இல் எழுதிய நூலிலே முன்னைய தத்துவத்தைப் போற்றிப் பின்னைய சமயத்தைக் கண்டித்தார். கத்தோலிக்க மதத்திலிருந்து கிறிஸ்தவத்தைக் கழித்தால் எஞ்சுவதே இது என்னுங் கருத்துப்பட ஹக்ஸ்லி என்னும் ஆங்கில விஞ்ஞானி இகழ்ந்தார். கொம்தரோ தளர்ந்திலர். 1860 ஆம் ஆண்டுக்கு முன் நொத்ர்தாம் பேராலயத்திலே தம் சமயத்தைப் போதிப்பாரென நம்பியிருந்தார். உரோமாபுரியிலுள்ள இயேசுசபைத் தலைவரிடம் ஒரு தூதரை அனுப்பி, நாத்திகரை எதிர்க்க இருசாராரும் ஒன்றுகூடலாமென்றுங் கேட்பித்தார், அது நிறைவேறவில்லை. 1857 ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் 5 ஆந் திகதி, வயிற்றிலுண்டான புற்றுநோயால், பாரிசில் இறந்தார்.

பின் நிகழ்ந்தன

இங்கிலாந்திலே றிச்சட் கொங்கிறீவ் என்பவர் ஆங்கிலத் திருச்சபைக் குருப்பணியைத் துறந்து இச்சமயத்தைப் போதித்தார். 1878 இல் அவ்வன்பர் பாரிசிலிருந்த தலைமையோடு பிணங்க, அச்சிறு கூட்டமும் இரண்டாயிற்று. பின்னர் அது மெல்லத் தேய்ந்தது. பிறேசில் தேசத்திலேதான் இது பெருமை பெற்றது. 1881 இல் அங்கே மானிட சமயத் திருச்சபை நிறுவப்பட்டது. 1889 இல் முடியாட்சியை அகற்றிக் குடியரசை அமைத்தோருள் கொம்தரைக் கற்றோர் பலர் இருந்தனர். அந்நாட்டுக் கொடியில் ஒழுங்கும் முன்னேற்றமும் என்னும் பொருளுடைய தொடரை இன்றுங் காணலாம். அது கொம்தர் வாக்கிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆயின் ஒன்றை நோக்குக: அன்பை முதலாகவும், ஒழுங்கை அடிப்படையாகவும், முன்னேற்றத்தை முடிவாகவும் அவர் கூறினார். கொடியிலே ஒழுங்கும் முன்னேற்றமும் ஏறின, அன்பு ஏறவில்லை.

பாரத தேசத்திலே வங்காளக் கற்றோர் சிலரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவர் நூல்களை ஆர்வத்தோடு பயின்றனர். பங்கிம் சந்திரர் அவருள் ஒருவர். அவர் மானிடப் பணியென்னுங் கருத்தை ஏற்றார். கடவுளை விடுத்த பகுதியை ஏற்காது, ஆற்றல்கள் யாவும் இறைபத்தியில் நிறைவெய்தும் என முடிபு செய்தார்.

யாம் கொள்ளத்தக்கவை

இச்சரித்திரத்தைக் கொண்டு கடவுள் உண்டென நிறுவிவிட்டதாக யாம் மகிழ்தல் பொருந்தாது. ஒருவர் முயற்சி தவறியமை அதற்குப் பிரமாணமாகாது. எல்லாச் சமயங்களும் இவ்வாறே மனிதராற் கட்டப்பட்டன வென்பார்க்கும் இதனால் வெற்றியில்லை. இது காட்டுவது வேறொன்று.

சமயத்தின் பயனைக் கொம்தர் தம் காலத்தார் பலரினும் நன்கு அறிந்தார். விஞ்ஞானம் ஒன்றே மனிதர்க்குப் போதுமென்று அவர் கூறவில்லை. சடங்கும், திருநாளும், குருவும், தியானமும் ஏன் வேண்டும் என அவர் கூறிய காரணங்களைச் சமயத்தில் நிற்போரும் மறுத்தல் அரிது. நன்றி மறவாது முன்னோரை நினைத்தலும், எளியார்க்குக் கல்வி யளித்தலும் அவரிடம் நாம் கற்கத்தக்கன. ஆயினும், அவர் அமைத்த சமயத்தின் பகுதிகள் எல்லாம் ஏட்டிலே எழுதப்பட்டவை, ஒன்றுமாத்திரமே உயிரோடிருந்தது. அது அந்த நாற்காலியின் முன் அவர் செய்த வழிபாடு. அதனை எவரும் வகுத்துக் கொடுக்கவில்லை. அன்பு முன்னே வந்தது. முழந்தாளிடுதல் அதன்பின் தானே வந்தது. மற்றையோர்க்கு அவர் கொடுத்ததோ முழந்தாளிடும் முறையை மாத்திரமே. தாம் அன்பு செய்த அம்மையாரை அவர்களும் அன்பு செய்தல் வேண்டுமென விதித்தல் எங்ஙனம் இயலும்? மானிடம் என்பது பெரியதோர் எண்ணமே, எனினும், அழைத்தாற் கேட்பதன்று, அழுதால் அறிவதன்று. கொம்தர் தாமும் தம் துயரில் அழைத்தது மானிடத்தையன்று; கிளொதில்து அம்மையாரையே யாம்.

ஆசிரியர்காள், இவ்விடத்திலே யாம் பிறரைக் குறைகூறுவதை நிறுத்தி நம்மை நோக்குதல் வேண்டும். வினாவிடையும், திருநாளட்டவணையும், சடங்கின் காரணமும் கொம்தரிடத்தும் குறைவின்றி இருந்தன. வித்தியாசாலையிற் சமயபாடம் நேரசூசிகையில் ஒரு பாடவேளையாகவும், பரீட்சைக்குரிய விடைத்தொகுதியாகவும் முடிந்துவிடுமாயின், யாமும் அவர் செய்ததையே செய்கின்றோம். அவர் கடவுளை நீக்கிவிட்டு முறையை வைத்தார். யாம் கடவுள் பெயரை வைத்துக்கொண்டே முறையை மாத்திரம் கொடுக்கின்றோம். இரண்டிற்குமுள்ள வேற்றுமையைப் பிள்ளைகள் எதனால் அறிவர்? ஆசிரியரின் கல்வியால் அறியார். அவர் தனித்திருந்து வழிபடும்பொழுது அவர் உள்ளத்தில் ஒருவர் இருக்கின்றார் என்பதைக் கண்டே அறிவர். அது பாடத்திட்டத்தில் எழுதப்படுவதன்று.

பாரிஸ் நகரத்து முசியே லெ பிறென்ஸ் வீதியிற் பத்தாம் இலக்க வீட்டில் கொம்தர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அவ்வீடு அவர் நினைவாகப் பேணப்பட்டு வருகின்றது. பதின்மூன்று மாதக் கணக்கின்படி நாளெண்ணுவார் இன்று அரியர். உலகம் முழுவதற்குமாக அவர் வகுத்த வழிபாட்டை இடையறாது, மனமுருகிச் செய்தவர் ஒருவர் உளர். அவர் அவ்வீட்டின் அறையொன்றில் வெறுமையான நாற்காலியொன்றின் முன் முழந்தாளிட்டிருந்த கொம்தரே யாவர்.